ஷூ கடித்துவிட்டதா என்று இனி யாராவது கேட்டால்

இரண்டு குதிகாலும் உரிந்து கிடக்கின்றன. வலது கால் சுண்டுவிரலில் ஒரு கொப்புளம், இடது காலில் பெருவிரலுக்குக் கீழே இருக்கிற மேட்டில் இன்னொன்று. தலையணை மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். பார்க்க வருகிற எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "என்ன, ஷூ கடிச்சிடுச்சா?"

இல்லை. ஷூ கடிக்கவில்லை. இந்த பூட்ஸைப் போட்டுக்கொண்டு ஏழெட்டு மாதமாக நடக்கிறேன், மேடு பள்ளம் ஓடை சகதி என்று எல்லாவற்றிலும் இறங்கி ஏறியிருக்கிறேன், ஒரு நாள்கூட இது என்னைப் படுத்தியதில்லை. இந்த முறை நான் மாற்றியது ஒன்றே ஒன்றுதான், சாக்ஸ். பழைய இரண்டு ஜோடியிலும் ஓட்டை விழுந்துவிட்டது என்று, நடைப்பயணம் கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை ஓடிப்போய் ஆறு ஜோடி அடங்கிய ஒரு பொட்டலத்தை எடுத்து வந்தேன். கடித்தது அந்தப் பொட்டலம். ஆனால் நம் மொழியில் செருப்பு கடிக்கும், ஷூ கடிக்கும், சாக்ஸ் கடித்ததாக யாரும் சொல்லி நான் கேட்டதே இல்லை. இத்தனை காலமாக அது மாட்டாமல் தப்பித்துக்கொண்டிருப்பது அதனால்தான்.

என் மேலேயே எனக்குக் கோபம்தான், மறைக்கவில்லை. பூட்ஸ் வாங்க மூன்று வாரம் அலைந்தவன் நான். அடிப்பாகம் எப்படி, கணுக்காலை எவ்வளவு பிடிக்கிறது, இறக்கத்தில் போகும்போது விரல் முன்னால் போய் முட்டுகிறதா என்று ஏறி இறங்கிப் பார்த்து, நாலு ஜோடியை வேண்டாம் என்று தள்ளி, ஐந்தாவதை எடுத்தேன். சாக்ஸுக்கு ஒதுக்கிய நேரம்? பணம் கட்ட வரிசையில் நின்றேனே, அந்த நேரம். பத்தோடு பதினொன்று, அத்தோடு இது ஒன்று என்று எடுத்துக் கூடையில் போட்டேன். நாள் முழுக்கக் காலோடு ஒட்டிக்கொண்டு கிடக்கப்போவது பூட்ஸ் இல்லை, இந்தத் துணிதான் என்பது அப்போது மண்டையில் ஏறவில்லை.

பொட்டலத்தின் மேல் பெரிய எழுத்தில் "100 சதவீதம் பருத்தி" என்று போட்டிருந்தது. போடட்டும், அது உண்மைதானே. என் வயிற்றெரிச்சல் எல்லாம் அதற்குப் பக்கத்தில் போட்டிருந்த படத்தைப் பார்த்துத்தான்: ஒரு மலை, அதில் முதுகுப்பையோடு ஒருவன் சிரித்துக்கொண்டே ஏறுகிறான். இந்த சாக்ஸோடு ஏறினால் அவன் சிரிப்பு இரண்டாவது மணி நேரத்தில் நின்றிருக்கும். பருத்தி நல்ல துணிதான். சட்டைக்கு நல்லது, துண்டுக்கு ரொம்ப நல்லது. துண்டுக்கு ஏன் நல்லதோ அதே காரணத்தால்தான் பூட்ஸுக்குள் அது ஆகாது. வியர்வையைக் குடித்துவிட்டு விடாமல் பிடித்துக்கொள்ளும். நனைந்ததும் தொய்ந்துபோகும், சுருக்கம் விழும், அந்தச் சுருக்கம் சரியாகக் குதிகாலுக்கு அடியில் போய் உட்காரும். மூடிய பூட்ஸுக்குள் காய்வதற்குக் காற்றும் கிடையாது. அதிலும் தண்ணீர் புகாத பூட்ஸ் என்றால் வெளித்தண்ணீர் உள்ளே வராததைப் போலவே உள்ளே ஊறிய வியர்வையும் லேசில் வெளியே போகாது.

"அப்போ கம்பளி மட்டும் ஈரத்தைக் குடிக்காதா?" என்று ஒரு அறிவாளி கேட்டார். நல்ல கேள்விதான், ஆனால் கேட்ட தொனி இருக்கிறதே! குடிக்கும் ஐயா, பருத்தியைவிட அதிகமாகவே குடிக்கும். சாதாரணக் காற்றில் சும்மா கிடக்கும்போதே பருத்தி தன் எடையில் சுமார் 8 சதவீதம் ஈரத்தை வைத்திருக்கும் என்றால் கம்பளி சுமார் 16 சதவீதம் வைத்திருக்கும், பாலியஸ்டர் ஒரு சதவீதம்கூட வைத்திருக்காது. வித்தியாசம் எங்கே என்றால், கம்பளி அந்த ஈரத்தை இழையின் உள்ளே வாங்கி வைத்துக்கொள்கிறது, மேற்பரப்பு தண்ணீரை ஒட்டவிடுவதில்லை, அதனால் எடையில் 30 சதவீதம் வரை வாங்கினாலும் காலுக்கு நசநசவென்று தெரிவதில்லை. அப்புறம் அந்த இழை நேராக இருக்காது, சுருள் சுருளாக இருக்கும். நனைந்தாலும் அந்தச் சுருள் ஸ்பிரிங் மாதிரி எழுந்து நிற்கும், பருத்தி மாதிரி ஈரச்சாக்காகப் படுத்துவிடாது. குத்தும், அரிக்கும், வேகும் என்று கம்பளியை ஒதுக்குகிறவர்கள் பழைய முரட்டுக் கம்பளியை நினைத்துக்கொண்டு பேசுகிறார்கள். மெரினோ என்கிற செம்மறியாட்டு ரகத்தின் கம்பளி இழை நம் தலைமுடியின் தடிமனில் பாதிகூட இருக்காது, அவ்வளவு மெல்லிசு.

கொப்புளம் என்றால் என்ன என்றே நம்மில் பாதிப் பேருக்குத் தெரியாது, எனக்கும் போன வாரம் வரை தெரியாது. தோல் மேலே தேய்ந்து தேய்ந்து வருவது என்றுதான் நினைத்திருந்தேன். புறங்கையில் ஒரு விரலை அழுத்தி வைத்து, விரலை வழுக்க விடாமல் முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். விரலோடு தோல் போகிறது, உள்ளே எலும்பு நின்ற இடத்தில் நிற்கிறது. பூட்ஸுக்குள் நடப்பது இதேதான், தலைகீழாக: தோல் சாக்ஸோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது, ஒவ்வொரு அடிக்கும் எலும்பு மட்டும் உள்ளே நகர்கிறது. நடுவில் மாட்டிக்கொண்ட மேல்தோல் இழுபட்டு இழுபட்டு, ஆயிரக்கணக்கான அடிகளுக்குப் பிறகு உள்ளுக்குள்ளேயே இரண்டாகப் பிரிகிறது, அந்த இடைவெளியில் நீர் கோத்துக்கொள்கிறது. ஆக, பிரச்சினை தோல் வழுக்குவது அல்ல, வழுக்காமல் ஒட்டிக்கொள்வது. வியர்த்து ஈரமான தோல் காய்ந்த தோலைவிட நன்றாக ஒட்டும். ஈர சாக்ஸ் ஏன் வில்லன் என்பது இப்போது புரிகிறதா?

இது தெரிந்த பிறகுதான் வழியில் கிடைத்த அறிவுரைகளை நினைத்து ரத்தம் கொதிக்கிறது. கூட வந்த ஒருவன் சொன்னான், "ரெண்டு சாக்ஸா போட்டுக்கோடா, மெத்துன்னு இருக்கும்." போட்டேன். அதே தடித்த பருத்தி, ஒன்றின் மேல் ஒன்று. பூட்ஸ் இறுகி, விரல்கள் ஒன்றோடு ஒன்று நெருக்கி, சுண்டுவிரல் கொப்புளம் அதனால் வந்ததுதான். கொடுமை என்னவென்றால் அந்த அறிவுரையில் பாதி சரி! உள்ளே மெல்லிசாக, காலைப் பிடித்தாற்போல ஒரு செயற்கை இழை சாக்ஸ், அதன் மேல் தடித்த ஒன்று என்று போட்டால், இழுபடுகிற வேலையைத் தோல் செய்யாமல் இரண்டு துணிகளும் தங்களுக்குள் வழுக்கிப் பார்த்துக்கொள்ளும். அமெரிக்க மரைன் படையில் புதிதாகச் சேர்ந்த 357 பேரை வைத்துப் பார்த்த ஒரு ஆய்வு 1996-லேயே வந்திருக்கிறது, மெல்லிய பாலியஸ்டர் உள்சாக்ஸும் அதன் மேல் நல்ல தடித்த சாக்ஸும் போட்டவர்களுக்குக் கொப்புளம் நன்றாகவே குறைந்தது. பாதி அறிவுரை சொல்கிறவர்கள் அந்த மீதிப் பாதியையும் சேர்த்துச் சொல்லித் தொலைத்தால் என்ன?

இன்னொருவர் வாஸலின் கொடுத்தார். முதல் ஒரு மணி நேரம் சொர்க்கம். அப்புறம் அது சாக்ஸில் ஊறி, தூசி ஒட்டி, பிசுபிசுப்பாகி, முன்பைவிட மோசம். அடிக்கடி நின்று துடைத்துத் தடவப் பொறுமை இருப்பவர்களுக்குச் சரி, எனக்கு இல்லை. மூன்றாவது ஆள், "எல்லாம் பழகினா சரியாயிடும்" என்றார். அவரோடு நான் இன்னும் பேசவில்லை.

சரி, புது சாக்ஸ் வாங்கலாம், இந்த முறை ஒழுங்காக வாங்கலாம் என்று, நொண்டிக்கொண்டே கடைக்குப் போனேன். அங்கே இன்னொரு கூத்து. முன்பக்கம் கொட்டை எழுத்தில் "மெரினோ". திருப்பினால் பொடி எழுத்தில் அக்ரிலிக், பாலியஸ்டர் என்று செயற்கை இழைகள் இத்தனை இத்தனை, கடைசியில் பெயருக்குக் கொஞ்சம் கம்பளி. பாயசத்தில் முந்திரி மாதிரி தேட வேண்டியிருக்கிறது. கலப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. முழுக்க மெரினோவாக இருந்தால் குதிகாலில் சீக்கிரம் தேய்ந்து ஓட்டை விழும், நைலான் சேர்த்தால்தான் உழைக்கும், கொஞ்சம் எலாஸ்டேன் என்கிற இழுபடும் இழை இருந்தால்தான் காலோடு நிற்கும். எதிலும் "100 சதவீதம்" என்று போட்டிருந்தால் உடனே மதிப்பு வைக்கிற நம் புத்தியைத்தான் முதலில் செருப்பால் அடிக்க வேண்டும். அக்ரிலிக்கும் தீண்டத்தகாதது இல்லை. 1990-ல் நெடுந்தூர ஓட்டக்காரர்கள் 35 பேரிடம் பார்த்தபோது பருத்தியைவிட அக்ரிலிக் சாக்ஸ் போட்டவர்களுக்குக் கொப்புளங்கள் குறைவாகவும் சின்னதாகவும் வந்தன. ஆனால் அதே ஆய்வாளர்கள் பிறகு சாதாரணப் பின்னல் சாக்ஸை வைத்துப் பார்த்தபோது அந்த வித்தியாசம் தெரியவில்லை. இழை மட்டும் போதாது, பின்னல் எப்படி என்பதும் சேர்ந்துதான் வேலை செய்கிறது. இதையெல்லாம் எந்த அட்டையில் போடுகிறான்? மலையும் சிரிக்கிற ஆளும்தான்.

அப்புறம் இந்த "ஃப்ரீ சைஸ்". யாருக்கு ஃப்ரீ? என் காலுக்கு அது பெரிது, சாக்ஸில் குதிகாலுக்கென்று பின்னிய குழிவு என் கணுக்காலுக்குப் பின்னால் மேலே போய் நிற்கிறது, மிச்சத் துணி விரல் நுனியில் மடிந்து கிடக்கிறது. இதே சாக்ஸை என்னைவிட மூன்று அளவு பெரிய காலுக்கும் போடலாம் என்கிறது அட்டை. பூட்ஸை ஒரே அளவில் செய்து எல்லோருக்கும் விற்றால் வாங்குவோமா? சாக்ஸின் குழிவு குதிகாலில் சரியாக உட்காரவில்லை என்றால் அது எந்த இழையாக இருந்தாலும் சுருக்கம் விழத்தான் செய்யும். உயரமும் அப்படித்தான், பூட்ஸின் கழுத்தைவிட மேலே வர வேண்டும், இல்லாவிட்டால் பூட்ஸின் விளிம்பு நேராகத் தோலில் அறுக்கும்.

விரல் பக்கத் தையலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சாக்ஸை உட்புறம் வெளியே வரும்படி திருப்பி, அந்தத் தையலை விரலால் தடவிப் பாருங்கள், கயிறு மாதிரி ஒரு மேடு தட்டுப்பட்டால் கீழே வைத்துவிட்டு நகருங்கள். நான் அப்படித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது கடைப் பையன் வந்து "சார், அது சாக்ஸ்தான் சார்" என்றான். தெரியும் தம்பி. தெரிந்துதான் பார்க்கிறேன்.

"ஒரு சாக்ஸுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்று வீட்டில் பெரியப்பா சிரித்தார். அவருக்காக ஒன்று சொல்கிறேன். 1924-ல் அமெரிக்க ஜனாதிபதி கால்வின் கூலிட்ஜின் மகன், 16 வயதுப் பையன், வெள்ளை மாளிகை மைதானத்தில் சாக்ஸ் இல்லாமல் ஷூ போட்டு டென்னிஸ் ஆடினான். கால்விரலில் ஒரு கொப்புளம். அதில் கிருமி புகுந்து, ரத்தத்தில் கலந்து, சுமார் ஒரு வாரத்தில் இறந்துபோனான். பெனிசிலின் கண்டுபிடிக்கப்படுவதற்கு நாலு வருடம் முன்னால். இன்றைக்கு மருந்து இருக்கிறது, ஆனாலும் சர்க்கரை நோய் உள்ளவர்கள் காலில் ஒரு கொப்புளத்தை அலட்சியமாக விட்டால் அது எங்கே போய் நிற்கும் என்பது அவருக்கே தெரியும், மாத்திரை போடுகிறவர்தானே.

இதில் எனக்கு மன்னிக்கவே முடியாத ஒன்று இருக்கிறது, அது சாக்ஸும் இல்லை கடையும் இல்லை, நான்தான். நடக்க ஆரம்பித்து முதல் ஒரு மணி நேரத்திலேயே இடது குதிகாலில் சுரீரென்று ஒரு சூடு தெரிந்தது. கொப்புளம் வருவதற்கு முன்னால் கால் அனுப்புகிற தந்தி அது. அங்கேயே உட்கார்ந்து, பூட்ஸைக் கழற்றி, காலைத் துடைத்து, ஒரு டேப் ஒட்டியிருந்தால் கதை முடிந்திருக்கும். மருந்துக்கடையில் கிடைக்கிற சாதாரண பேப்பர் டேப் போதும், பல நாள் ஓடுகிற நெடுந்தூரப் பந்தயத்தில் 128 பேரை வைத்துப் பார்த்து 2016-ல் வெளியான ஆய்வில் அது கொப்புளத்தை 40 சதவீதம் குறைத்திருக்கிறது. டேப் என் பையில் இருந்தது! இருந்தும் நிற்கவில்லை. ஏன்? முன்னால் ஆறு பேர் போய்க்கொண்டிருந்தார்கள், "அதுக்குள்ளயா?" என்று ஒருத்தராவது கேட்பார்கள் என்கிற வெட்கம். ஐந்து நிமிட வெட்கத்தைக் காப்பாற்றிக்கொண்டேன், இப்போது பத்து நாளாகக் கழிவறைக்குக்கூடச் சுவரைப் பிடித்துக்கொண்டு போகிறேன். மறுநாள் இறக்கத்தில் அந்த ஆறு பேரும் கீழே போய், எனக்காக ஒன்றரை மணி நேரம் காத்திருந்தார்கள் என்பது தனிக் கேவலம்.

கொப்புளத்தை உடைக்கலாமா என்று ஆளுக்கொரு தீர்ப்பு வேறு. சின்னதாக, வலிக்காமல் இருந்தால் அதன் போக்கில் விடுங்கள், மேலே இருக்கிற தோல்தான் அதற்குச் சிறந்த கட்டு. நடக்கவே முடியாத அளவு பெரிதாக இருந்தால் சுத்தமான ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வடிக்கலாம், மேல்தோலைப் பிய்க்கக் கூடாது. என் குதிகால் தோலை அக்கறையோடு பிய்த்து எறிந்த நண்பன் இதைப் படிப்பான் என்று நினைக்கிறேன்.

இப்போது மூன்று ஜோடி மெரினோ கலந்தது, இரண்டு ஜோடி மெல்லிய உள்சாக்ஸ் வந்திருக்கின்றன. அவற்றைத் துவைக்கும்போது யாரும் வாசனைக்காக ஃபேப்ரிக் கண்டிஷனர் ஊற்றக் கூடாது, இழையில் படலம் மாதிரி படிந்துவிடும் என்று வீட்டில் அறிவித்திருக்கிறேன். ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். பகலில் ஒரு தடவை மாற்றிக்கொள்ளக் காய்ந்த ஜோடி ஒன்று எப்போதும் பையின் மேல் பாக்கெட்டிலேயே இருக்கப்போகிறது.

அந்த ஆறு ஜோடி பருத்தியையும் தூக்கிப் போடவில்லை. சகதி படிந்த பூட்ஸை ஈரம் போகத் துடைக்க வைத்திருக்கிறேன். நன்றாக உறிஞ்சுகின்றன.