மூச்சுப் பயிற்சி பிள்ளைத்தாச்சிக்கு மட்டும் போதாது

தங்கச்சி மகள் மாசமாக இருந்தபோது ஹிப்னோபர்த்திங் வகுப்பில் சேர்ந்தாள். ஜூமில், சாயங்கால நேரத்தில். விஷயம் தெரிந்ததும் வீட்டில் ஆளுக்கொரு விதமாகக் கலவரமானார்கள். "ஹிப்னாட்டிசமா? மேடையில ஆளைத் தூங்க வச்சு வெங்காயத்தை ஆப்பிள்னு சொல்லித் திங்க வைப்பானே, அதுவா?" என்று கேட்டார் அவள் மாமனார். என் அம்மா ஒரு படி மேலே போய், பிள்ளைத்தாச்சிக்கு யாரோ வசியம் பண்ணுகிறார்கள் என்றே முடிவு கட்டிவிட்டது.

அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. யாரும் யாரையும் மயக்குவதில்லை. கண்ணை மூடி, தோளையும் தாடையையும் தளர்த்தி, மூச்சை நாலு எண்ணி இழுத்து எட்டு எண்ணி விடப் பழகுவது. மனசுக்குப் பிடித்த ஓர் இடத்தை நினைத்துக்கொள்வது. பிரசவம் எப்படி நடக்கும், கர்ப்பப்பை எப்படிச் சுருங்கி விரியும் என்று தெரிந்துகொள்வது. நம்பிக்கை தரும் நாலு வாக்கியங்களைத் தினமும் காதில் போட்டுக்கொள்வது. இவ்வளவுதான். இந்தப் பெயரில் இதை ஒரு முறையாக வகுத்தவர் மேரி மோங்கன் என்ற அமெரிக்கப் பெண்மணி, 1989ல். அதற்கும் அரை நூற்றாண்டு முன்னால், கிராண்ட்லி டிக்-ரீட் என்ற இங்கிலாந்து மருத்துவர் இதன் அடிப்படையைச் சொல்லிவிட்டார்: பயம் உடம்பை இறுக்கும், இறுக்கம் வலியைக் கூட்டும், கூடிய வலி மறுபடியும் பயத்தைக் கூட்டும்.

இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வீட்டில் நன்றாக வலி எடுத்து, ஆட்டோ பிடித்து ஓடி, ஆஸ்பத்திரியில் காலை வைத்ததும் வலி நின்றுபோனதாக எத்தனை பேர் சொல்லக் கேட்டிருக்கிறோம்! பிரசவ வலியை நடத்துவது ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன். பயந்தால் சுரப்பது அட்ரினலின். அது ஏறினால் ஆக்ஸிடோசினின் வேலை மட்டுப்படும், கர்ப்பப்பைக்குப் போகும் ரத்தமும் குறையும். புது இடம், கண்ணைக் கூசும் லைட்டு, பக்கத்துக் கட்டிலில் அலறல், யாரென்றே தெரியாத ஆள் வந்து கையை விட்டுப் பார்ப்பது. இத்தனைக்கும் நடுவில் உடம்பு "இப்ப வேணாம், அப்புறம் பாத்துக்கலாம்" என்று நிறுத்திவைக்காமல் என்ன செய்யும்?

ஆனால் அந்தப் பயம் ஆஸ்பத்திரி வாசலில் தொடங்குவதில்லை. நம் பக்கத்து வளைகாப்பு ஒன்றில் போய் உட்கார்ந்து பாருங்கள். கை நிறைய வளையலைப் போட்டு, கன்னத்தில் சந்தனத்தைப் பூசி, புளிச்சோறும் தயிர்ச்சோறும் பரிமாறிக்கொண்டே பிள்ளைத்தாச்சிக்குச் சொல்லும் கதைகளைக் கேளுங்கள். "எனக்கு ரெண்டு நா வலி. செத்துப் பொழச்சேன்." "எங்க மதினிக்குக் கொடி சுத்தி, கடைசி நேரத்துல..." என்று ஒருத்தி இழுப்பாள். இன்னொருத்தி தையல் போட்ட கதையை விலாவாரியாகச் சொல்வாள். நடுவில் அந்தப் பிள்ளை சிரித்த முகத்தை மாற்றாமல் உட்கார்ந்திருக்கும். கெட்ட எண்ணத்தில் யாரும் சொல்வதில்லை. பட்ட பாட்டைச் சொல்ல அவர்களுக்கு வேறு இடமே கிடையாது, அதுதான் விஷயம். பெற்ற அன்றைக்கு யாராவது உட்கார்ந்து கேட்டிருந்தால் இருபது வருஷம் கழித்து அடுத்தவள் வளைகாப்பில் கொட்டமாட்டார்கள்.

இந்தப் பயம் வெறும் வாய்ப்பேச்சு என்றும் தள்ளிவிட முடியாது. மதுரையிலிருந்து எந்தப் பக்கம் பழைய ரோட்டில் போனாலும் சுமைதாங்கிக் கல் ஒன்றிரண்டு இன்னும் நிற்கும். வயிற்றுச் சுமையை இறக்காமலே போய்ச் சேர்ந்த பெண்களின் நினைவாக நட்டவை. "எங்க பாட்டியெல்லாம் களையெடுக்கும்போதே வரப்புல பெத்துட்டு மறுபடி களையெடுக்கப் போச்சு" என்று முகநூலில் வீரம் பேசுகிறவர்கள் அந்தக் கல்லையும் ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாம். 2018-20 கணக்குப்படி தமிழ்நாட்டில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு 54 தாய்மார்கள் இறந்தார்கள். அப்போது இந்திய சராசரி 97. இந்த அளவுக்குக் குறைந்தது ஆஸ்பத்திரியாலும் நர்சம்மாக்களாலும்தான், வரப்பால் இல்லை.

சரி, வகுப்புக்கு வருகிறேன். ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்று தேடிப் படித்தேன். பிரசவத்தில் ஹிப்னாஸிஸ் பற்றி அதுவரை நடந்த 9 ஆய்வுகளை, 2954 பெண்களை வைத்து, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பு 2016ல் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தது. வலி மருந்தை மொத்தத்தில் கொஞ்சம் குறைக்கலாம். ஆனால் வலி மரத்துப்போக முதுகில் ஊசி (எபிடியூரல்) போட்டுக்கொள்கிறவர்கள் எண்ணிக்கை குறையவில்லை, சுகப்பிரசவம் கூடியதாகவும் தெளிவாகத் தெரியவில்லை. இங்கிலாந்தில் 680 பெண்களை வைத்து நடந்து 2015ல் வெளியான ஆய்விலும் முதுகு ஊசி விஷயத்தில் இரண்டு தரப்புக்கும் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் பயிற்சி எடுத்தவர்கள், தாங்கள் எதிர்பார்த்த அளவுக்குப் பிரசவத்தில் பயமோ பதற்றமோ இல்லை என்று பிறகு சொல்லியிருக்கிறார்கள். என்னைக் கேட்டால் அதுவே நல்ல லாபம். பயம் குறைவது சின்ன விஷயமா?

ஆனால் விளம்பரம் அப்படிச் சொல்லவில்லையே. "வலியில்லாப் பிரசவம்", "மருந்தே வேண்டாம்", "உங்கள் மனம் நினைத்தால் நார்மல்". இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் (2019-21) தமிழ்நாட்டில் நூற்றுக்கு 44.9 பிரசவம் சிசேரியன். தனியாரில் மட்டும் பார்த்தால் 63.8. இத்தனை பேரும் மனசில் நினைக்கத் தெரியாமலா ஆபரேஷன் செய்துகொண்டார்கள்? பாதிப் பேருக்கு உண்மையாகவே தேவையா என்று டாக்டர்களையும் ஆஸ்பத்திரிகளையும் கேட்க வேண்டிய கேள்வியை, "நீ சரியா மூச்சு விடலம்மா" என்று பெற்றவள் தலையில் கட்டுவது என்ன நியாயம்?

நான் சொல்ல வந்ததே இதுதான். அமைதியாகப் பெற்றெடுப்பது அவள் ஒருத்தி கற்றுக்கொண்டு வந்து காட்ட வேண்டிய வித்தை இல்லை. பாதி அமைதி அவளைச் சுற்றி நிற்கிறவர்கள் கையில் இருக்கிறது. அவர்களுக்குத்தான் வகுப்பு எடுக்க வேண்டும்.

இது என் ஆசை மட்டுமில்லை. பிரசவம் முடியும்வரை கூடவே ஒருவர் இருந்து கையைப் பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்று பார்த்த 26 ஆய்வுகளை, 15,000க்கும் மேற்பட்ட பெண்களை வைத்து, அதே காக்ரேன் 2017ல் தொகுத்தது. சுகப்பிரசவம் கூடுகிறது, சிசேரியன் குறைகிறது, வலி மருந்து குறைகிறது, வலி எடுக்கும் நேரமும் கொஞ்சம் சுருங்குகிறது. மூச்சுப் பயிற்சிக்குக் கிடைத்ததைவிடக் கனமான ஆதாரம். உலக சுகாதார நிறுவனம் 2018ல் வெளியிட்ட பிரசவப் பராமரிப்பு வழிகாட்டலிலும் இது இருக்கிறது: தாய்க்குப் பிடித்த துணை, மரியாதையான பேச்சு, விரும்பினால் எழுந்து நடமாடும் சுதந்திரம். பிரசவ அறைகளின் தரத்தை உயர்த்த நம் மத்திய அரசு 2017ல் தொடங்கிய லக்ஷ்யா திட்டமும் பிரசவ அறைக்குள் துணைக்கு ஆள் வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் பெண் துணையை உள்ளே விடும் ஏற்பாடு பல வருஷங்களாகவே உண்டு. திருச்சி மலைக்கோட்டையில் இருக்கும் தாயுமானவர் கதை எல்லோருக்கும் தெரியும். காவிரி வெள்ளத்தில் ரத்னாவதியின் அம்மா அக்கரையிலேயே மாட்டிக்கொள்ள, அம்மா உருவத்தில் சிவனே வந்து பிரசவம் பார்த்தார். வந்தவர் வலியே தெரியாமல் செய்துவிட்டார் என்றா கும்பிடுகிறோம்? துணைக்கு நின்றார் என்றுதானே.

நடப்பு வேறு. எனக்குத் தலைப்பிரசவம் மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில். அரசா தனியாரா என்பது வேண்டாம், பெயரும் வேண்டாம். வலியில் கத்தியபோது அங்கே வேலை பார்த்த அம்மா கேட்ட கேள்வி: "புருஷன்கிட்ட போகும்போது இனிச்சுச்சுல்ல?" இதைப் படிக்கும் பெண்களில் பாதிப் பேருக்கு இந்த வசனம் புதுசாக இருக்காது. பிள்ளையின் அழுகைச் சத்தம்கூட எனக்கு மங்கலாகத்தான் ஞாபகம் இருக்கிறது, அந்த அம்மாவின் குரல் மறக்கவில்லை. எத்தனை ஆடியோ கேட்டுவிட்டுப் போயிருந்தாலும் அந்த ஒரு வரி எல்லாவற்றையும் கலைத்திருக்கும்.

அதனால்தான் தங்கச்சி மகளோடு உள்ளே நான் போவது என்று முடிவானதும் அவளோடு சேர்ந்து நானும் அந்தப் பாடங்களைக் கேட்டேன். ஆடியோவில் ஓர் அமெரிக்க அம்மா, வெள்ளை மணல் கடற்கரையில் படுத்திருப்பதாக நினைத்துக்கொள்ளச் சொன்னார். பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்குக் கடற்கரை என்றால் ராமேஸ்வரத்தில் ஈரத்துணியோடு லாக்கர் சாவியைத் தேடியதுதான் ஞாபகம். அவள் சோழவந்தான்காரி. "உனக்கு எங்க இருந்தா நல்லாருக்கும்?" என்று கேட்டேன். "எங்க தாத்தா கொடிக்கால்ல" என்றாள். எழுதினோம். செருப்பை வரப்பில் கழற்றிவிட்டு உள்ளே நுழைகிறோம். வெயில் வெளியிலேயே நின்றுவிடுகிறது. இரண்டு பக்கமும் அகத்தி மரம், அதில் ஏறிய வெற்றிலைக் கொடி, காலடியில் குளிர்ந்த சேறு, வாய்க்காலில் மெல்லத் தண்ணீர் போகிற சத்தம். என் குரலிலேயே ஃபோனில் பதிவு செய்தேன். நடுவில் எங்கள் வீட்டுக் குக்கர் விசிலும் விழுந்துவிட்டது. அதையும் எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

ராத்திரி வலி கண்டது. சூட்டு வலியோ என்று அம்மா சீரகக் கசாயம் வைத்துக் கொடுத்தது. குடித்தபிறகு வலி கூடத்தான் செய்தது. ஆஸ்பத்திரிக்குப் போனோம். மாப்பிள்ளை வெளியே ஃபோனில் வலிக்கு இடைவெளி குறித்துக்கொண்டிருந்தார், அவரை உள்ளே விடவில்லை. விட்டிருக்கலாம் என்பது என் கட்சி. முதல் பாதி மிக நன்றாகப் போனது. கொடிக்காலுக்குள் நடந்தாள், மூச்சை நீட்டி விட்டாள், டூட்டி நர்சுக்கே ஆச்சரியம். அப்புறம் வலி நெருங்கி நெருங்கி வந்ததும் கண்ணைத் திறந்து, "பெரியம்மா, கொடிக்காலும் வேணாம் ஒண்ணும் வேணாம். பேசாம இடுப்பை அமுக்கு" என்றாள். பக்கவாட்டில் ஒருக்களித்துப் படுக்க வைத்து, இடுப்பெலும்புக்குக் கீழே உள்ளங்கையால் ஒவ்வொரு வலிக்கும் அழுத்திப் பிடித்தேன். எனக்குத் தோள்பட்டை விட்டுப்போனது. கொஞ்ச நேரத்தில் முதுகில் ஊசி வேண்டும் என்று அவளே கேட்டாள். டாக்டர் ஒரு வார்த்தை பேசாமல் ஏற்பாடு செய்தார். விடியக்காலம் பெண் குழந்தை.

எல்லாம் நல்லபடியாக முடிந்தும் அந்த வகுப்பின் வாட்ஸப் குழுவில் அவள் செய்தி போடத் தயங்கினாள். மற்றவர்களெல்லாம் "மருந்தே இல்லாமல்" என்று போட்டிருக்கிறார்களாம். "ஊசி போட்டேன்னு போட்டா ஒரு மாதிரி நெனப்பாங்க பெரியம்மா." பாருங்கள், பயத்தைப் போக்க வந்த இடத்திலேயே புதிதாக ஒரு பயம்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். மூச்சு விட்டுச் சமாளிக்கக் கூடாதவை இருக்கின்றன. ரத்தப்போக்கு, தலை பிளக்கிற வலியோடு கண் மங்குவது, பிள்ளை அசைவு குறைவது, பனிக்குடத் தண்ணீர் பச்சையாக வருவது. இதில் ஒன்று கண்டாலும் உடனே ஆஸ்பத்திரிதான், வண்டி இல்லையென்றால் 108. 2018ல் திருப்பூரில் யூடியூபைப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்து ஒரு தாய் இறந்த செய்தியை இதற்குள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்தக் கூட்டத்துக்கும் ஒழுங்கான ஹிப்னோபர்த்திங்குக்கும் சம்பந்தமில்லை. ஆனால் "உடம்புக்கே எல்லாம் தெரியும்" என்ற வசனத்தை இரண்டு பக்கமும் சொல்வதால், கேட்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாமல் போகிறது.

வகுப்புக்குப் பணம் இருந்தால் போங்கள், நல்லதுதான். இல்லையென்றால் மூச்சுப் பயிற்சிக்குக் காசு தேவையில்லை. செக்கப்புக்குப் போகும் இடத்தில் நர்சம்மாவைக் கேட்டாலே சொல்லித் தருவார்கள். அதைவிட முக்கியமாக, ஏழாம் மாசத்திலேயே ஆஸ்பத்திரியில் இதையெல்லாம் கேட்டுவிடுங்கள்: உள்ளே துணைக்கு ஆள் விடுவீர்களா? கடைசிவரை இருக்கலாமா, நடுவில் வெளியே அனுப்புவீர்களா? வலி நேரத்தில் நடக்க விடுவீர்களா? வலி மருந்து கேட்டால் ராத்திரியிலும் கிடைக்குமா? துணைக்கு வரப்போவது யார் என்று அப்போதே முடிவு செய்து, அந்த ஆளையும் உட்கார வைத்து மூச்சுக் கணக்கைச் சொல்லிக் கொடுங்கள். துணைக்கு வருகிறவர் தன் பிரசவக் கதையை அன்றைக்கு எடுக்கக் கூடாது என்பதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

மதுரை, திண்டுக்கல், தேனி, சிவகங்கைப் பக்கம் சமீபத்தில் பிரசவம் ஆனவர்கள், உள்ளே ஆள் விட்டார்களா இல்லையா என்று கீழே எழுதுங்கள். ஆஸ்பத்திரிப் பெயர் வேண்டாம், அரசா தனியாரா என்று சொன்னால் போதும். ஆண்களும் எழுதலாம், வெளியே நிற்க வைத்த கதையாக இருந்தாலும் சரி.