ஏமாந்தவரை ஏசாதேங்கோ

"படிச்ச மனிசி, ரீச்சரா இருந்தவா, இப்பிடியும் ஏமாறலாமோ?" ஒன்லைன் மோசடியில் காசை விட்டவர்களைப் பற்றி எங்கள் ஊரில் முதலில் எழும் கதை இதுதான். கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. இந்தப் பேச்சுக்குப் பயந்துதான் ஏமாந்தவர்கள் வாய் திறப்பதில்லை. அவர்கள் வாய் திறக்காத நேரத்தில் மிச்சக் காசும் போய்விடுகிறது.

தபால் திணைக்களத்தின் பெயரில் வரும் போலி எஸ்எம்எஸ் உங்களில் பலருக்கும் வந்திருக்கும். 'உங்கள் பார்சல் வந்துள்ளது, முகவரி முழுமையாக இல்லை, இந்த லிங்க்கில் திருத்தவும்.' யாழ்ப்பாணத்தில் இது நன்றாக எடுபடும். கனடாவிலோ லண்டனிலோ பிள்ளை இல்லாத வீடு இங்கே குறைவு. மகள் ஏதோ அனுப்பியிருக்கிறாள் என்று காத்திருக்கும் தாய்க்கு அந்த மெசேஜில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? இதில் படிப்புக்கு என்ன வேலை?

லிங்க்கைத் திறந்தால் இலட்சினையோடு ஒரு பக்கம் வரும். கேட்பது சின்னத் தொகைதான். அதற்காகக் காட் இலக்கத்தையும் பின்பக்கத்து மூன்று எண்களையும் கொடுப்போம். அதே நேரத்தில் மறுமுனையில் இருப்பவன் அந்த விபரங்களைக் கொண்டு பெரிய தொகை ஒன்றை எடுக்கப் பார்ப்பான். ஒருதரம் மட்டும் பாவிக்க வங்கி அனுப்பும் இரகசிய எண்ணான ஓடிபி வருவது அதற்குத்தான். எவ்வளவு, யாருக்கு என்று பெரும்பாலும் அந்த ஓடிபி மெசேஜிலேயே எழுதியிருக்கும். நாங்கள் எண்களை மட்டும் பார்த்து அடித்துவிடுகிறோம். தயவுசெய்து அந்த மெசேஜை முழுதாக வாசியுங்கள்.

'எழுத்துப்பிழை இருந்தால் போலி' என்ற பழைய அறிவுரையை இனி நம்பியிருக்க முடியாது, இப்போது நல்ல தமிழிலேயே எழுதுகிறார்கள். இணைய முகவரிக்குப் பக்கத்தில் வரும் பூட்டுக் குறியும் போதாது. இடையில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதைத்தான் அது சொல்லும், எதிரில் இருப்பவன் யாரென்று சொல்லாது. பார்க்கவேண்டியது இணைய முகவரியை. முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால் அது எப்படி முடிகிறது என்று பாருங்கள். எங்கள் தபால் திணைக்களத்தின் முகவரி 'டொட் ஜிஓவி டொட் எல்கே' (.gov.lk) என்றுதான் முடியும். முன்னால் 'எஸ்எல்போஸ்ட்' என்று எத்தனை தரம் இருந்தாலும் கணக்கில்லை. இது குழப்பமாக இருந்தால், சரி, லிங்க்கைத் தொடவே வேண்டாம். தபாற்கந்தோருக்குப் போய்க் கேளுங்கள். வங்கி விஷயம் என்றால் காட்டின் பின்பக்கத்தில் உள்ள இலக்கத்துக்கு நீங்களே கோல் எடுங்கள்.

வட்ஸ்அப் வழி இன்னும் கொடுமையானது. "அன்ரி, மாறி உங்கட நம்பருக்கு ஒரு கோட் வந்திட்டுது, அனுப்பிவிடுங்கோ" என்று தெரிந்த பிள்ளையின் பெயரில் மெசேஜ் வரும். அந்தப் பிள்ளையின் கணக்கு ஏற்கெனவே களவு போயிருக்கும். அந்த ஆறு எண்களை அனுப்பினால் அடுத்தது உங்கள் கணக்கு. அப்புறம் உங்கள் பெயரில் சொந்தக்காரர் எல்லாரிடமும் அவசரமாகக் காசு கேட்பார்கள்.

2015 இல் வந்த செஃப்ட்ஸ் முறையால் இன்று ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்குக் காசு உடனேயே போய்ச் சேர்கிறது. அதனால் வெட்கப்பட்டு ஒரு இரவு பேசாமல் இருந்தாலே நட்டம்தான். காசு போனது தெரிந்ததும் முதலில் வங்கிக்குச் சொல்லிக் காட்டையும் கணக்கையும் மறிக்க வேண்டும். பிறகு பொலிஸ் முறைப்பாடு. இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரச அமைப்பான இலங்கை சேர்ட்டின் 101 இலக்கத்துக்கும் அறிவிக்கலாம். 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தில் குற்றவாளி களவெடுத்தவன், ஏமாந்த தாய் இல்லை. பக்கத்து வீட்டில் இப்படி நடந்தால் புத்தி சொல்லப் போகவேண்டாம், வங்கிக்குக் கோல் எடுத்துக் கொடுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை வீடியோ கோலில் கதைக்கும்போது அம்மாவின் வட்ஸ்அப் செட்டிங்ஸில் டூ ஸ்டெப் வெரிஃபிகேஷனை, அதாவது கோட்டோடு இன்னொரு இரகசிய இலக்கமும் கேட்கும் பாதுகாப்பை, போடவைத்து, அந்த இரகசிய இலக்கத்தைக் கொப்பியில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். பார்சல் அனுப்பினால் எதில் அனுப்பினீர்கள், எப்போது வரும், காசு கட்ட வேண்டுமா என்று முன்கூட்டியே சொல்லுங்கள். அதோடு, "அம்மா, எப்பவாவது காசு போனா உடனே எனக்குச் சொல்லுங்கோ, நான் ஏசமாட்டன்" என்பதையும் இப்போதே சொல்லிவையுங்கள்.