அம்மா நீட்டிய பத்து பாட்

அம்மா சுருக்குப் பையைத் திறந்து, ஒரு பத்து பாட் தாய்லாந்து நாணயத்தை எடுத்து யானையின் தும்பிக்கைக்கு நேராக நீட்டினார். யானை அதை மோந்து பார்த்தது. வாழைப்பழம் இல்லை என்று தெரிந்ததும் தும்பிக்கையை அந்தப் பக்கம் கொண்டுபோய்விட்டது. அம்மா தலையைக் குனிந்தபடியே நின்றுகொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்து, "இதுக்கு ஒண்ணும் சொல்லிக் குடுக்கலையா?" என்றார்.

போன மாதம் தாய்லாந்தில், சியாங் மாய்க்கு வடக்கே ஒரு யானை முகாமில் நடந்தது இது. அன்று சிரித்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வியை இன்னும் மறக்க முடியவில்லை. அதனால்தான் இந்த நீளமான பதிவு.

ஒருநாள் சுற்றுலா. ஆளுக்கு 1,800 பாட், காலையில் ஹோட்டல் வாசலில் வேன் வந்துவிடும், மதியச் சாப்பாடு உண்டு. நான் ஒரு வாரம் தேடித்தான் அந்த இடத்தைப் பிடித்தேன். சவாரி கிடையாது, அங்குசம் கிடையாது, சங்கிலி கிடையாது என்று இணையப் பக்கத்தில் போட்டிருந்தார்கள். 'சரணாலயம்' என்ற வார்த்தை மட்டும் பத்து இடத்தில் இருந்தது. அதை நம்பித்தான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன்.

மலைப்பாதையில் ஒன்றரை மணி நேரப் பயணம். வழியில் வழிகாட்டிப் பையன் கதை சொல்லிக்கொண்டே வந்தான். அதில் பெரும்பகுதி உண்மைதான். வட தாய்லாந்து யானைகள் தலைமுறை தலைமுறையாகத் தேக்கு இழுத்தவை. 1988 நவம்பரில் தெற்கே பெரு வெள்ளம் வந்தது. மலைச்சரிவுகளில் வெட்டிப் போட்டிருந்த மரங்களும் சேறும் உருண்டு வந்து ஊர்களை மூடின. நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். காட்டை மொட்டையடித்ததுதான் காரணம் என்று நாடே கொந்தளிக்க, 1989 தொடக்கத்தில் இயற்கைக் காடுகளில் வணிக மரவெட்டை அரசு தடை செய்தது. காட்டுக்கு நல்லது. ஆனால் யானைகளுக்கும் பாகர்களுக்கும் அதோடு வேலை போயிற்று. ஒரு யானை நாளைக்கு 150 கிலோ தின்னும். சில பாகர்கள் பாங்காக் தெருக்களுக்குக் கூட்டிப்போய்ப் பிச்சையெடுத்தார்கள். மற்றவர்கள் முதுகில் அம்பாரி கட்டிச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றினார்கள். இன்று அந்த நாட்டில் மனிதர் கையில் இருக்கும் யானைகள் 3,000-க்கும் மேல்.

அவன் சொல்லாத ஒன்று உண்டு. அங்கே காட்டு யானைக்கு ஒரு சட்டம், வளர்ப்பு யானைக்கு வேறு சட்டம். வளர்ப்பு யானை 1939-ஆம் ஆண்டின் பாரம் சுமக்கும் விலங்குகள் சட்டத்தின் கீழ் மாடு, எருமை, குதிரையோடு வரிசையில் நிற்கிறது. விற்கலாம், வாங்கலாம், வாடகைக்கு விடலாம்.

முகாமில் முதல் வேலை, கரென் என்ற மலைவாழ் மக்கள் நெய்யும் சட்டை மாதிரி ஒன்றை எல்லோருக்கும் மாட்டிவிட்டார்கள். அம்மா புடவைமேல் போட்டுக்கொண்டார். அடுத்தது 'மருந்து உருண்டை' செய்யும் நிகழ்ச்சி. வாழைப்பழம், சோறு, புளி, உப்பு எல்லாவற்றையும் சேர்த்துப் பிசைந்து உருட்ட வேண்டும். வெள்ளைக்காரப் பிள்ளைகள் விரலை ஒட்டாமல் வைத்துக்கொண்டு தவித்தார்கள். அம்மா உருட்டிய உருண்டைகளைப் பார்த்த சமையற்காரப் பெண் கைதட்டியேவிட்டாள். நம் முதுமலைத் தெப்பக்காடு யானை முகாமில் ராகி, கொள்ளு, அரிசி, வெல்லம் போட்டுப் பிடிக்கும் கவளங்களை நினைத்துக்கொண்டேன். அங்கே அதைப் பிடிப்பது பாகர்களும் காவடிகள் எனப்படும் உதவிப் பாகர்களும், யானையின் சாப்பாடாக. இங்கே பிடிப்பது நாங்கள், எங்கள் பொழுதுபோக்காக. யானைப் பசிக்குச் சோளப்பொரிதான்.

ஊட்டும்போது "போன் போன்" என்று சொல்லச் சொன்னார்கள். 'மேலே' என்று அர்த்தமாம். சொன்னவுடன் தும்பிக்கை மேலே போகும், வாய் திறக்கும், உருண்டையை உள்ளே வைக்கலாம். அத்தனை பேருக்கும் அத்தனை தடவையும் திறந்தது. ஆக, அம்மாவின் கேள்விக்கு அங்கேயே பதில் கிடைத்துவிட்டது. சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பாடம்தான் வேறு.

பிற்பகலில் குளியல். இருபது பேர் ஆற்றில் இறங்கினோம், கையில் பிரஷ்ஷும் வாளியும். நடுவில் இரண்டு யானைகள். எல்லோரும் அதன்மேல் தண்ணீர் வீசுகிறார்கள், கத்துகிறார்கள், போட்டோக்காரர் "சிரிங்க" என்கிறார். நான் பெரிய யானையின் காதருகே நின்று தேய்த்துக்கொண்டிருந்தேன். அது ஒரு அடி பின்னால் நகரப் பார்த்தது. பக்கத்தில் நின்ற பாகர் இயல்பாக அதன் காதுக்குப் பின்னால் கையை வைத்தார், அவ்வளவுதான், அப்படியே நின்றுவிட்டது. அவர் கையை எடுத்தபோது பார்த்தேன். இரண்டு விரலுக்கு நடுவே ஒரு ஆணி. அங்குசம் கிடையாது என்று போட்டிருந்தது பொய்யில்லை.

அவருக்கு வயது இருபதுக்குள்தான் இருக்கும். நான் பார்த்ததை அவரும் பார்த்தார். சட்டென்று கையைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. இருபது அந்நியர்கள் நடுவில் மூன்று டன் உயிரை அசையாமல் நிறுத்தி வைப்பது அவர் பொறுப்பு. அது நகர்ந்து எங்களில் யாராவது கீழே விழுந்திருந்தால்?

கரையேறியவுடன் அந்த யானை நேராகச் செம்மண் மேட்டுக்குப் போய்த் தும்பிக்கையால் மண்ணை அள்ளி அள்ளி முதுகில் போட்டுக்கொண்டது. வெயிலுக்கும் பூச்சிக்கும் அதுதான் அதற்குப் பாதுகாப்பு. நாங்கள் அரை மணி நேரம் தேய்த்துக் கழுவியதெல்லாம் அந்தப் பாதுகாப்பைத்தான். "எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாட்டி விட்டா நீயும் இப்படித்தான் தெருப்புழுதில போய் விழுவ" என்றார் அம்மா. நாங்கள் வேன் ஏறும்போது அடுத்த குழு வந்து இறங்கியது. அதே யானைகளை மறுபடி ஆற்றுக்கு ஓட்டினார்கள். எத்தனையாவது குளியல் என்று கேட்டேன். மூன்றாவதாம்.

இதைத்தான் சொல்ல வந்தேன். சவாரி தப்பு என்று உலகம் முழுக்கச் சொல்லிச் சொல்லி, இப்போது பலருக்குப் புரிந்துவிட்டது. உடனே வியாபாரம் அம்பாரியைக் கழற்றிவிட்டுக் கையில் பிரஷ்ஷைக் கொடுத்துவிட்டது. குளியல் என்பது சவாரியின் தம்பி, அவ்வளவுதான். முன்பின் தெரியாத ஆட்கள் தொட்டும் சும்மா நிற்கிற யானை தானாக அப்படி ஆவதில்லை. அதைக் குட்டியிலேயே அப்படி ஆக்குவார்கள். தாயிடமிருந்து பிரித்து, குறுகலான மரக்கூண்டில் நாள்கணக்கில் கட்டிப்போட்டு அடக்கும் பழைய முறைக்கு அங்கே 'ஃபஜான்' என்று பேர். பிடித்த யானையை அடைத்து அடக்கும் நம் ஊர் மரக்கூண்டான 'கரால்' தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. முதுகில் ஏறினாலும் சரி, பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்தாலும் சரி, அடிப்படைப் பாடம் ஒன்றுதான்.

அந்தப் பாடமும் எப்போதும் பலிப்பதில்லை. 2025 ஜனவரியில் தெற்குத் தாய்லாந்துத் தீவு ஒன்றில், யானையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த ஸ்பெயின் நாட்டு இளம்பெண் அதே யானை தாக்கி இறந்துபோனார். அதற்கு இரண்டு மாதம் முன்னால்தான், 2024 நவம்பரில், திருச்செந்தூரில் கோயில் யானை தாக்கிப் பாகரும் அவருடைய உறவினரும் இறந்தார்கள். அங்கே சுற்றுலா, இங்கே பக்தி. இரண்டிலும் யானையை நாம் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ள விரும்புகிறோம்.

அப்படியென்றால் போகவே வேண்டாமா என்று கேட்டால், அதுவும் என்னால் சொல்ல முடியவில்லை. 2020-இல் கொரோனாவால் வெளிநாட்டுக்காரர் வரத்து நின்றபோது முகாம்களில் தீவனத்துக்கே வழியில்லாமல் போயிற்று. சியாங் மாய் பக்கத்து முகாம்களிலிருந்து 100-க்கும் மேற்பட்ட யானைகளை அவற்றின் கரென் உரிமையாளர்கள் சொந்த மலைக்கிராமங்களுக்கு நடத்தியே கூட்டிப்போனார்கள், 150 கிலோமீட்டர் வரைக்கும். மூவாயிரம் யானைகளை அவிழ்த்துவிடக் காடு எங்கே இருக்கிறது? வருகிற காசு நின்றால் முதலில் பட்டினி கிடப்பது அந்த யானையும் அந்தப் பாகர் பையனும்தான்.

ஆகவே போங்கள், காசு கொடுங்கள். தொடாமல் கொடுங்கள். தூரத்து மேடையில் உட்கார்ந்து, யானை தன் பாட்டுக்கு மேய்வதை மட்டும் பார்க்கிற இடங்களும் அங்கே இருக்கின்றன. பெரும்பாலும் விலையும் கூடுதல். முகநூலில் போட ஒரு உருப்படியான போட்டோ கிடைக்காது, அதனால் கூட்டம் குறைவு. முன்பதிவுக்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "யானையைத் தொடலாமா?" தாராளமாகத் தொடலாம் என்றால் வேறு இடம் பாருங்கள். நான் போன இடத்தின் பெயரைக் கேட்டு இன்பாக்ஸ் வர வேண்டாம். அங்கே இருந்ததுபோல் நூறு இடம் இருக்கிறது, அந்தப் பையன் வேலையைக் கெடுக்க எனக்கு விருப்பமில்லை.

ஊர் திரும்பிய பிறகு, போன வெள்ளிக்கிழமை அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். வாசலில் யானை. வழக்கமாக அம்மா காசை நீட்டிவிட்டுத் தலையைக் குனிவார். அன்றைக்கு இருபது ரூபாயைப் பாகர் கையிலேயே கொடுத்துவிட்டு, "தலையில வைக்கச் சொல்ல வேணாம்ப்பா, ஏதாவது வாங்கிப் போடு" என்றார். பாகருக்குப் புரியவில்லை, எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அதற்குள் யானை பழக்கத்தில் தும்பிக்கையைத் தூக்கிவிட்டிருந்தது.