வேலி போட்ட பிறகு வரும் செலவு

எல்லைப் பாதுகாப்பு என்றாலே நம் பேச்சு "எத்தனை கிலோமீட்டர் வேலி போட்டாச்சு, எத்தனை கோடி ஒதுக்கியாச்சு" என்பதோடு நின்றுவிடுகிறது. வங்கதேச எல்லையை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 4,096.7 கி.மீ. அதில் மேற்கு வங்கத்தில் மட்டும் 2,216 கி.மீ. 2025 தொடக்கத்தில் அரசு நாடாளுமன்றத்தில் கொடுத்த கணக்குப்படி 3,232 கி.மீ.க்கு வேலி முடிந்துவிட்டது. மிச்சம் 864 கி.மீ. அதிலும் 174 கி.மீ.யில் வேலியே போட முடியாது. எல்லோரும் அந்த 864-ஐப் பற்றித்தான் சண்டை போடுகிறார்கள். எனக்குக் கவலை, முடிந்துவிட்டதாகச் சொல்லும் 3,232 கி.மீ.யைப் பற்றி.

காரணம் இருக்கிறது. இந்த எல்லையில் முதல் கட்ட வேலிக்கு 1986-ல் ஒப்புதல் கிடைத்தது. மேற்கு வங்கம், அசாம், மேகாலயாவில் 850 கி.மீ.க்குக் கொஞ்சம் மேல் போட்டு முடிக்கத் தொண்ணூறுகளின் கடைசி ஆகிவிட்டது. கொஞ்ச காலத்திலேயே, தட்பவெப்பத்தாலும் திரும்பத் திரும்ப வெள்ளத்தில் மூழ்கியதாலும் வேலி சேதமாகிவிட்டது என்று உள்துறையே சொல்லி, முதல் கட்ட வேலி முழுவதையும் மாற்றுவதற்கு மூன்றாம் கட்டம் என்று தனித் திட்டம் போட வேண்டி வந்தது. ஒரே இடத்துக்கு இரண்டு தடவை பணம்.

அங்கே இரும்பு எப்படிக் கெட்டுப்போகிறது என்று பாருங்கள். தூண் கான்கிரீட்டிலிருந்து வெளியே வரும் அந்த விளிம்பில்தான் தண்ணீர் தேங்கும். துரு முதலில் பிடிப்பது அங்கேதான். மேலே பார்த்தால் தூண் நன்றாகவே நிற்கும், அடியில் கனம் பாதியாகியிருக்கும். கம்பியை வெட்டுகிற இடத்திலும் முறுக்குகிற இடத்திலும் துத்தநாகப் பூச்சு உரிந்து, அங்கே அடுத்த துரு. சுருள் முள்கம்பியில் கொடி படர்ந்தால் அதன் பாரத்தில் கம்பி தொய்ந்துவிடும். கொடியை வெட்டாமல் விட்டால் ஈரமும் காயாது. கரை மேல் போட்ட வேலியென்றால் மழையில் அடிமண் அரித்து, ஆள் நுழையும் அளவுக்கு இடைவெளி விழும். இதில் எதுவுமே பெரிய வேலை இல்லை. மழைக்கு முன்னும் பின்னும் ஆள் போய்க் கொடி வெட்டி, மண் நிரப்பி, பூச்சு அடித்தால் போதும். ஆனால் அது வருஷா வருஷம் நடக்க வேண்டும், அதற்கு வருஷா வருஷம் பணம் வேண்டும்.

பணம் எப்படி வருகிறது? எல்லை உள்கட்டமைப்பு, மேலாண்மைத் திட்டத்துக்கு 2021-22 முதல் 2025-26 வரை ஐந்து ஆண்டுக்கும் சேர்த்து 13,020 கோடி. வேலி, மின்விளக்கு, ரோந்துச் சாலை, புறக்காவல் நிலையம், கண்காணிப்புக் கருவிகள் எல்லாம் இதற்குள். எல்லையைக் காக்கும் படையான பி.எஸ்.எஃப்.புக்கோ ஒரே ஆண்டில், 2025-26-ல், 28,000 கோடிக்கு மேல்; பெரும்பகுதி சம்பளமும் படியும். அது தேவையான செலவுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் திட்ட நிதி கட்டுவதற்குப் போகிறது, படை நிதி ஆட்களுக்குப் போகிறது. நடுவில் இருக்கும் பராமரிப்பு யாருக்கும் பெருமை தராத செலவு. நெருக்கடி என்றால் முதலில் வெட்டு விழுவது அங்கேதான்.

இதோடு மார்ச் 31 சிக்கல். வடகிழக்கிலும் வங்கத்திலும் மழை விட்டுத் தரை காய்ந்து வேலை சூடுபிடிப்பதே நவம்பருக்குப் பிறகு. நான்கைந்து மாதத்தில் நிதியாண்டு முடிந்துவிடும், செலவாகாத பணம் திரும்பிப் போகும். நிலம் கைக்கு வரவில்லை என்றால் அந்த மாதங்களும் வீண். நிலத்தை எடுத்துத் தர வேண்டியது மாநிலம், பணம் தருவது மத்திய அரசு. இரண்டுக்கும் நடுவில் கோப்பு ஆண்டுக்கணக்கில் கிடக்கும். நிலம் கைக்கு வந்த பிறகே டெண்டர் என்று கண்டிப்பாக இருந்தால், பாதி இடங்களில் செலவைக் கூட்டிப் போடும் திருத்திய மதிப்பீடு என்ற பேச்சே எழாது.

இதற்கு மருந்து ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. மத்திய, மாநில நிதிப் பங்கீட்டைப் பரிந்துரைக்கும் 15-வது நிதிக் குழு, பாதுகாப்புக்கும் உள்நாட்டுப் பாதுகாப்புக்கும் சேர்த்து, ஆண்டு முடிந்தாலும் காலாவதியாகாத ஒரு நவீனமயமாக்கல் நிதியைப் பரிந்துரைத்தது. 2021-26-க்கு 2,38,354 கோடி என்று கணக்கும் போட்டது. உபரி ராணுவ நிலத்தை விற்பது, பாதுகாப்புப் பொதுத்துறைப் பங்குகளை விற்பது என்று பணம் வரும் வழியையும் சொன்னது. அரசு கொள்கையளவில் ஏற்றுக்கொண்டது. அந்த நிதியை அமைத்து, அதில் எல்லைப் பராமரிப்புக்குத் தனித் தலைப்பு வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. 2025 டிசம்பரில் பான் மசாலா மீது தேசப் பாதுகாப்பின் பெயரையும் சேர்த்து ஒரு செஸ், அதாவது கூடுதல் வரி, கொண்டுவந்தார்கள். பெயரில் பாதுகாப்பு இருப்பதால் மட்டும் அந்தப் பணம் எல்லைக்குப் போய்ச் சேர்ந்துவிடாது.

கருவிகளுக்கும் இதே கதிதான். 2018-ல் ஜம்முவில் இரண்டு இடத்தில் தலா 5.5 கி.மீ. நீளத்தில், கேமராவும் சென்சாரும் வைத்த ஸ்மார்ட் வேலி, 2019-ல் பிரம்மபுத்திரா பாயும் அசாமின் துப்ரியில் 61 கி.மீ. மின்னணுக் கண்காணிப்பு. ஆறு தடம் மாறும் இடத்தில் இதை விட்டால் வேறு வழி இல்லை என்பதால் நான் இதை ஆதரிக்கிறேன். ஆனால் கேமராவுக்கும் சென்சாருக்கும் உதிரிபாகம், பேட்டரி, பழுது பார்க்க ஆள் என்று ஆண்டு ஒப்பந்தம் போட்டே ஆக வேண்டும். புல் அசைந்தாலும் மாடு போனாலும் அலாரம் அடித்துக்கொண்டே இருந்தால், காவலில் இருப்பவர் நாளடைவில் அதைக் கண்டுகொள்ளவே மாட்டார்.

வேலிக்கு அந்தப் பக்கம் நிலம் வைத்திருக்கும் விவசாயியும் இந்தச் செலவில் ஒரு பங்கைச் சுமக்கிறார். வங்கதேச எல்லையில் பூஜ்ஜியக் கோட்டிலிருந்து, அதாவது சரியான எல்லைக்கோட்டிலிருந்து, 150 கஜம் தள்ளித்தான் பொதுவாக வேலி. பஞ்சாபிலும் பல இடங்களில் வயல் வேலிக்கு அப்பால்தான். கேட் திறக்கும் நேரத்தில்தான் போக முடியும், உயரமாக வளரும் பயிர் போடக் கூடாது. பஞ்சாபில் இதற்கு ஏக்கருக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய் இழப்பீடு. அதுவும் நேரத்துக்கு வருவதில்லை. எல்லையில் புது முகத்தை முதலில் பார்ப்பது அந்த விவசாயிதான். அவர் பணத்தை இழுத்தடிப்பது பாதுகாப்பைக் குறைப்பதுதான்.

அடுத்து மியான்மர் எல்லை. 1,643 கி.மீ.க்கு வேலியும் சாலையும் போட சுமார் 31,000 கோடி என்று 2024-ல் செய்தி வந்தது. கி.மீ.க்கு ஏறக்குறைய 19 கோடி. மலை, காடு, கொட்டித் தீர்க்கும் மழை. இரண்டு பக்கமும் ஒரே குடும்பங்கள். மிசோரம், நாகாலாந்து சட்டமன்றங்கள் எதிர்த்துத் தீர்மானமே போட்டுவிட்டன. அந்த மதிப்பீட்டில் பத்தாவது ஆண்டுப் பராமரிப்புக்கு எவ்வளவு வைத்திருக்கிறார்கள் என்று உள்துறைக்குப் பணம் ஒதுக்கும் மானியக் கோரிக்கை விவாதத்தில் நம் எம்.பி.க்கள் கேட்க வேண்டும். அடுத்த தூண் நடுவதற்கு முன்னால்.