நான்கடி மேசையில் இரண்டு மானிட்டர்கள்

சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடைக்குள் நுழைந்து "நல்ல மானிட்டர் வேண்டும்" என்று கேட்டால் கணினித் திரையை எடுத்து வைப்பார்கள். அதே சொல்லை இசைக்கருவி விற்கும் கடையில் சொன்னால் ஸ்பீக்கரைக் காட்டுவார்கள். வீட்டில் ஓர் அறையை ஒதுக்கி இசைக்கூடம் அமைக்கப் புறப்படுகிறவர் இவ்விரண்டையும் தனித்தனிக் கடையில், தனித்தனி நாளில், தனித்தனி ஆசையோடு வாங்குகிறார். இரண்டும் ஒரே நான்கடி மேசையில் ஒரே இடத்துக்குச் சண்டை போடப் போகின்றன என்பது பெட்டியைப் பிரித்த பிறகுதான் அவருக்குத் தெரிகிறது. அந்தச் சண்டையில் காதுக்குத்தான் முதலிடம், கண் ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. ஸ்பீக்கர்கள் எங்கே நிற்கும் என்பதை முதலில் முடிவு செய்து, நடுவில் மிஞ்சுகிற இடைவெளியை அளந்து, அதற்குள் அடங்கும் திரையை வாங்க வேண்டும். பெரும்பாலோர் இதை நேர்மாறாகச் செய்கிறார்கள். நானும் அப்படிச் செய்து பணத்தை வீணடித்தவன் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதத் துணிகிறேன்.

எங்கள் அடுக்குமாடி வீட்டின் இரண்டாவது படுக்கையறை 11 அடி நீளமும் 10 அடி அகலமும் ஒன்பதரை அடி உயரமும் கொண்டது. குறும்படங்களுக்குப் பின்னணி இசையும் அவ்வப்போது பக்திப் பாடல்களும் செய்துகொண்டிருந்த நான், படம் பெரிதாகத் தெரிந்தால் இசை நன்றாக வரும் என்று நம்பி, 43 அங்குலத் தொலைக்காட்சி ஒன்றைக் கணினித் திரையாக மேசைமேல் வைத்தேன். அதற்கு ஈடுகொடுக்க வேண்டும் என்று 8 அங்குல வூஃபர், அதாவது தாழ்ந்த ஒலிகளைத் தரும் பெரிய கூம்பு, கொண்ட ஸ்பீக்கர்களை வாங்கி, தொலைக்காட்சிக்கு இருபுறமும், சுவர் மூலைகளை ஏறக்குறையத் தொடும்படி நிறுத்தினேன். பார்க்க அட்டகாசமாக இருந்தது. குரலையும் கருவிகளையும் அளவாகக் கலக்கும் மிக்ஸ் வேலையை முதல் பாடலுக்குச் செய்தபோது, காலால் மிதித்து அடிக்கும் பெரிய முரசான கிக் ட்ரம் எவ்வளவு ஏற்றினாலும் போதவில்லை என்று தோன்றியது, ஏற்றிக்கொண்டே போனேன். மறுநாள் நண்பரின் காரில் அதே பாடலைப் போட்டபோது கதவுகள் அதிர்ந்தன, பாடகியின் குரல் எங்கோ கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல் கேட்டது. ஸ்பீக்கர் சரியில்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக இருந்தேன். நல்லவேளை, போகவில்லை.

குற்றம் அறையில் இருந்தது, இன்னும் சரியாகச் சொன்னால் அந்த அறையில் நான் உட்கார்ந்த இடத்தில் இருந்தது. நம் ஊர் வெப்பத்தில், 30 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக்கொண்டால், ஒலி நொடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர் செல்கிறது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடைப்பட்ட தொலைவின் இரு மடங்கால் இந்த வேகத்தை வகுத்தால், அந்தச் சுவர்கள் தமக்குள் பிடித்து வைத்துக்கொள்ளும் முதல் அதிர்வெண் கிடைக்கும். என் அறையின் நீளத்துக்கு அது நொடிக்கு 52 அதிர்வு, அதாவது 52 ஹெர்ட்ஸ், அகலத்துக்கு 57, உயரத்துக்கு 60. மூன்றும் ஒரே பகுதியில் வந்து குவிந்திருப்பதைக் கவனியுங்கள். நம் வீடுகளின் படுக்கையறைகள் பலவும் ஏறக்குறையக் கனசதுரங்கள் என்பதால் இது பலருக்கும் பொருந்தும். இத்தகைய அதிர்வு சுவரை ஒட்டிய இடங்களில் பருத்தும், இரு சுவர்களுக்கும் சரி நடுவில் இல்லாமலே போயும் கேட்கும். நானோ பெரிய திரையைப் பார்க்க வசதியாக நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி, நீளத்திலும் அகலத்திலும் அறையின் நட்டநடுவில் உட்கார்ந்திருந்தேன். நாற்காலியில் அமர்ந்தவரின் காது தரையிலிருந்து நான்கடி உயரத்தில் இருக்கும் என்பதால் உயரத்திலும் நடுவை நெருங்கியிருந்தேன். கிக் ட்ரம்மின் அடிநாதம் குடியிருக்கும் அதே 50, 60 ஹெர்ட்ஸ் பகுதி என் காதுக்கு மட்டும் ஒழிந்துபோயிருந்தது. இல்லாததைத் தேடித்தான் ஏற்றிக்கொண்டே போயிருக்கிறேன்.

அகலத்தில் நடுவை விட்டு நகர முடியாது, நகர்ந்தால் இடது வலது சமநிலை கெட்டுவிடும். நீளத்தில் நகரலாம். முன்சுவரிலிருந்து அறை நீளத்தின் 38 விழுக்காடு தள்ளித் தலை இருக்கட்டும் என்பது ஒலிப்பதிவுக்காரர்கள் தொடக்கப்புள்ளியாகச் சொல்லும் கணக்கு. என் அறைக்கு அது நான்கடிக்குச் சற்று மேல். ஸ்பீக்கரின் முகம் சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி நின்றால், அங்கிருந்து என் தலைக்கு நேராக 2.7 அடி மிஞ்சும். இரண்டு ஸ்பீக்கர்களும் தலையும் சமபக்க முக்கோணமாக அமைய வேண்டும் என்ற பழைய விதியைப் பொருத்தினால், ஸ்பீக்கர்களின் மையங்களுக்கு இடையே சுமார் 95 சென்டிமீட்டர் வருகிறது. 5 அங்குல வூஃபர் கொண்ட ஸ்பீக்கர் பெட்டியின் அகலம் 18 சென்டிமீட்டர் அளவில் இருக்கும். ஆகவே நடுவில் திரைக்கு மிஞ்சுவது 77 சென்டிமீட்டர்.

இனி திரைகளின் அகலத்தை வைத்துப் பாருங்கள். 24 அங்குலத் திரை 53 சென்டிமீட்டர், 27 அங்குலம் 60, 32 அங்குலம் 71, இப்போது எல்லோரும் ஆசைப்படுகிற 34 அங்குல அகலத் திரை 80. கடைசியாகச் சொன்னது நுழையவே நுழையாது. 32 அங்குலம் இருபுறமும் விரற்கடை அளவு விட்டு நுழையும், ஆனால் ஸ்பீக்கரின் உள்விளிம்பை உரசிக்கொண்டு நிற்கும். 8 அங்குல ஸ்பீக்கர் என்றால் பெட்டியே கால் மீட்டர் அகலம் என்பதால் அதுவும் நுழையாது. திரையை முன்பே வாங்கி வைத்துவிட்டவர் இந்த இடத்தில் என்ன செய்கிறார் என்று பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்: ஸ்பீக்கர்களை மூலைக்குத் தள்ளுகிறார், அல்லது திரைக்குப் பின்னால் பாதி ஒளித்து வைக்கிறார், அல்லது படுக்கப்போடுகிறார். ஒருவர் புத்தக அலமாரியின் மேல்தட்டில் ஏற்றி வைத்திருந்தார், கோயில் திருவிழாவில் கம்பத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கியைப்போல.

என் அளவுள்ள அறைக்கு 27 அங்குலமே போதும் என்பது என் தீர்ப்பு. 2560க்கு 1440 புள்ளிகள் கொண்ட திரையாக இருந்தால் எழுத்து கண்ணைக் குத்தாமல் தெரியும், இசை மென்பொருளில் தடங்களின் வரிசையும் தேவையான அளவுக்கு ஒரே பார்வையில் அடங்கும். அதே அளவில் புள்ளிகள் இன்னும் நெருக்கமான 4கே திரை வாங்கினால், இசை மென்பொருளோடு இணைக்கும் துணை மென்பொருள்களான பழைய பிளகின்கள் சில தபால்தலை அளவுக்குச் சுருங்கிவிடும். பெரிதாக்கிப் பார்க்கும் வசதி எல்லாவற்றிலும் ஒழுங்காக வேலை செய்வதில்லை. படம் நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்பதை 144 ஹெர்ட்ஸ், 165 ஹெர்ட்ஸ் என்று விளம்பரம் செய்யும் திரைகளுக்குக் கூடுதல் பணம் கொடுப்பது விளையாட்டுப் பிரியர்களின் கவலை, நமக்கு 60 போதும். பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாத ஐபிஎஸ் வகை, பளபளப்பில்லாத மேற்பரப்பு, உயரத்தை ஏற்றி இறக்கும் தாங்கி ஆகிய மூன்றும் இருந்தால் நிறுவனத்தின் பெயரைப் பற்றி நான் கவலைப்பட மாட்டேன்.

திரை என்பது காதைப் பொறுத்தவரை ஒரு கெட்டியான பலகை என்பதை யாரும் கடையில் சொல்வதில்லை. ஸ்பீக்கரின் முகத்தைவிடத் திரை முன்னே நீட்டிக்கொண்டிருந்தால், உயர்ந்த ஒலிகளைத் தரும் சிறிய ட்வீட்டரிலிருந்து வரும் ஒலியின் ஒரு பகுதி அதில் பட்டுத் தெறித்து, நேராக வரும் ஒலியோடு சற்றுத் தாமதமாகக் கலக்கும். 34 சென்டிமீட்டர் கூடுதலாகச் சுற்றி வந்தாலே ஏறக்குறைய ஒரு மில்லி நொடி தாமதம். அது 500 ஹெர்ட்ஸில் ஒரு பள்ளத்தையும் அதற்கு மேலே சீப்பின் பற்களைப்போல் வரிசையாக இன்னும் பல பள்ளங்களையும் உண்டாக்கும். நடுவில் கச்சிதமாக நிற்க வேண்டிய குரல் கலங்கிப்போவதற்கு இது ஒரு முக்கியமான காரணம். ஆகவே திரையை ஸ்பீக்கரின் முகத்துக்குச் சற்றுப் பின்னால், முடிந்தவரை தாழ்வாக வையுங்கள். மேசைப் பலகையும் இதே குறும்பைச் செய்யும் என்பதால் ஸ்பீக்கர்களைத் தாங்கியில் ஏற்றி, ட்வீட்டர் காதின் உயரத்துக்கு வரும்படி நிறுத்துவது நல்லது.

படத்துக்கு இசையமைப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. தொலைக்காட்சிப் பெட்டியைத் திரையாகப் பயன்படுத்துவதில் அளவைவிடப் பெரிய தொல்லை தாமதம். உள்ளே வருகிற படத்தை மெருகேற்றிக் காட்டுவதற்காகத் தொலைக்காட்சிகள் சற்று நேரம் எடுத்துக்கொள்கின்றன. நொடிக்கு 25 பிரேம் என்ற கணக்கில் ஒரு பிரேம் 40 மில்லி நொடி. படம் 100 மில்லி நொடி பிந்தினால் கதவு அறைகிற காட்சியைப் பார்த்து நீங்கள் வாசித்த அடி இரண்டரை பிரேம் தள்ளிப் பதிவாகிவிடும். இயக்குநர் தன் கணினியில் போட்டுப் பார்த்து "இசை பிந்துகிறது" என்பார், நீங்கள் இல்லை என்று சாதிப்பீர்கள், இருவரும் உண்மையே பேசுவீர்கள். எனக்கும் ஒரு குறும்பட இயக்குநருக்கும் இதனால் இரண்டு வாரம் மனக்கசப்பு இருந்தது. தொலைக்காட்சியில் 'கேம் மோட்' என்ற அமைப்பு இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள், தாமதம் பெருமளவு குறையும்.

இனி ஸ்பீக்கர். இந்த இடத்தில் ஆசை கண்ணை மறைக்கும். ஒலிப்பதிவு உலகில் எல்லோருக்கும் தெரிந்த யமஹா என்எஸ்-10 என்ற வெள்ளைக் கூம்பு ஸ்பீக்கர் 1978இல் வீட்டுக் கூடத்தில் பாட்டுக் கேட்பதற்காக விற்பனைக்கு வந்தது. கேட்டவர்களுக்கு அது பிடிக்கவில்லை. பேஸ் என்ற தாழ்ந்த ஒலி குறைந்த, முகத்தில் அறைகிற அந்த ஒலியைத்தான் ஒலிப்பதிவுப் பொறியாளர்கள் விரும்பி எடுத்துக்கொண்டார்கள். அதன் காட்டம் தாங்காமல் ட்வீட்டருக்கு முன்னால் மெல்லிய காகிதக் கைக்குட்டையை ஒட்டி வைத்தவர்களும் உண்டு. 2001இல் உற்பத்தி நிற்கும்வரை உலகத்தின் பெரிய கூடங்களில் எல்லாம் அது அமர்ந்திருந்தது. பள்ளியில் ஆசிரியர் இல்லாத நேரத்தில் பேசுகிறவர்களின் பெயரைப் பலகையில் எழுதுகிற மாணவனையும் நாம் மானிட்டர் என்றுதான் அழைத்தோம். அவனை யாருக்கும் பிடிக்காது, ஆனால் அவன் எழுதிய பட்டியல் சரியாக இருக்கும். கடையில் இரண்டு நிமிடம் கேட்டு "பேஸ் சூப்பர்" என்று மயங்கி வாங்குகிற ஸ்பீக்கர், நண்பர்கள் பெயரை விட்டுவிட்டு எழுதுகிற மானிட்டர்.

என் அறையைப் போன்ற அறைக்கு 5 அங்குல வூஃபரைத் தாண்ட வேண்டாம். யமஹா எச்எஸ்5 ஏறக்குறைய 54 ஹெர்ட்ஸ் வரையிலும், ஜேபிஎல் 305பி 43 வரையிலும் இறங்குவதாக அவற்றின் குறிப்பேடுகள் சொல்கின்றன. 8 அங்குல எச்எஸ்8 இன்னும் கீழே 38 வரை போகும். ஆனால் மேலே சொன்ன மூன்று அதிர்வெண்களும் குவிந்துகிடக்கிற அறையில் அந்தக் கூடுதல் ஆழத்தை நம்பி என்ன முடிவு எடுக்க முடியும்? அறை சொல்வதைத்தான் கேட்போம், ஸ்பீக்கர் சொல்வதை அல்ல. அந்த அடிப்பகுதியை மட்டும் ஒரு நல்ல ஹெட்போனில் சரிபார்த்துக்கொள்வது மலிவான வழி. இரவு பத்து மணிக்கு மேல் அண்டை வீட்டாரோடு நல்லுறவைக் காப்பதும் அதுதான். ஸ்பீக்கரின் பின்புறம் இருக்கும் சிறிய பொத்தான்களைத் தொடாமலே பலர் வருடக்கணக்கில் வைத்திருக்கிறார்கள். சுவரை ஒட்டி வைத்தால் பேஸ் பருக்கும் என்பதால் அதைக் குறைக்கவே அவற்றில் ஒன்று அங்கே இருக்கிறது: எச்எஸ்5இல் 2 அல்லது 4 டெசிபல், 305பியில் 1.5 அல்லது 3.

8 அங்குலத்துக்கும் 5 அங்குலத்துக்கும் இடையே மிச்சமாகும் பணத்தைச் சுவருக்குக் கொடுங்கள். நான்கு அங்குலத் தடிமனுள்ள, ஒலியை உறிஞ்சும் கனிம இழைப் பலகைகளான ராக்வூலை மரச்சட்டத்தில் பொருத்தி, துணியால் மூடி, பக்கச் சுவர்களில் ஒலி முதலில் பட்டுத் தெறிக்கும் இடங்களிலும் மூலைகளிலும் நிறுத்தினேன். ஒரு தச்சரும் ஒரு தையற்காரரும் சேர்ந்து மூன்று நாளில் முடித்தார்கள். தெறிக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க ஒருவரைக் கண்ணாடியோடு சுவர் ஓரமாக நகரச் சொல்லுங்கள். உங்கள் நாற்காலியிலிருந்து கண்ணாடியில் ஸ்பீக்கர் தெரிகிற இடம்தான் அது. முட்டை அட்டையை ஒட்டினால் பேஸ் அடங்கும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள். இலவம்பஞ்சு மெத்தையை மூலையில் நிமிர்த்தி வைப்பதுகூட அதைவிட மேல்.

பிறகு ஒருநாள் அளப்பு மைக் ஒன்றை இரவல் வாங்கி, ரூம் ஈக்யூ விஸார்ட் என்ற இலவச மென்பொருளில் அறையை அளந்தேன். ஒவ்வோர் அதிர்வெண்ணும் எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்று காட்டும் கோடு தட்டையாக வரவில்லை, எந்த வீட்டிலும் வராது. ஆனால் 50, 60 ஹெர்ட்ஸ் பகுதியிலிருந்த பாதாளம் பள்ளமாகச் சுருங்கியிருந்தது, எங்கே எவ்வளவு பொய் என்பதும் தெரிந்துவிட்டது.

மின்சாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. திரையைக் கணினியோடு இணைத்ததும் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் எழுந்தால், பலர் பிளக்கின் எர்த் முனையை ஒடித்துவிடச் சொல்வார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், உயிருக்கு ஆபத்து. எல்லாக் கருவிகளையும் ஒரே மின்பலகையிலிருந்து இணையுங்கள், ஸ்பீக்கர்களுக்கு இரைச்சலைத் தடுக்கும் பேலன்ஸ்டு கேபிள் போடுங்கள், அதற்கும் அடங்காவிட்டால் எலெக்ட்ரீஷியனை அழைத்து வீட்டின் எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

மிக்ஸ் முடிகிற கட்டத்தில் நான் திரையை அணைத்துவிடுகிறேன், ஏனென்றால் கண் காதை ஏமாற்றும். உதடு ஓர் எழுத்தையும் ஒலி வேறோர் எழுத்தையும் சொன்னால் மனிதர் மூன்றாவதோர் எழுத்தைக் கேட்கிறார் என்று 1976இல் மெக்கர்க், மெக்டொனால்டு என்ற இரு ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஒலியின் தாழ்ந்த, உயர்ந்த பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூவின் வளைவு திரையில் அழகாக இருப்பதால் குரலும் அழகாக இருப்பதாக எனக்குத் தோன்றிய நாட்கள் உண்டு. திரை இருண்டதும் அறையில் மின்விசிறியின் சத்தம்கூடத் தெளிவாகக் கேட்கிறது. அதையும் அணைத்துவிட்டு, வியர்வையோடு ஒருமுறை பாடலை முழுதாகக் கேட்கிறேன்.

43 அங்குலத் தொலைக்காட்சி இப்போது கூடத்தில் அம்மாவின் தொடர்களுக்குப் பயன்படுகிறது. 8 அங்குல ஸ்பீக்கர்களை மெல்லிசைக் குழு நடத்தும் மைத்துனர் எடுத்துப்போனார். முப்பதடி நீளமுள்ள அவருடைய ஒத்திகைக் கூடத்தில் அவை பிரமாதமாக ஒலிக்கின்றன.