கண்ணாடிக்குள் ஐந்தொகை

அண்ணன் மகன் போன வாரம் பெங்களூரிலிருந்து காரைக்குடிக்கு வந்தபோது ஒரு விஆர் கண்ணாடியும் (மாட்டிக்கொண்டால் கணினி உண்டாக்கிய உலகத்துக்குள் நிற்பது போலக் காட்டும் கருவி) கொண்டுவந்தான். எங்கள் ஆத்தங்குடி டைல்ஸ் வியாபாரத்தின் மூன்று வருடக் கணக்கை டாலி என்ற கணக்கு மென்பொருளிலிருந்து எடுத்து அதற்குள் ஏற்றியிருந்தான். "மாட்டிப் பாருங்க சித்தப்பா" என்றான். வீட்டு நடுமுற்றத்து வளவுத் தூணில் சாய்ந்துகொண்டு மாட்டினேன்.

பிரமாதம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஒவ்வொரு வாடிக்கையாளரும் ஒரு கட்டடம். உயரம் விற்பனை, அகலம் பாக்கி. ஆனால் யார் பாக்கி அதிகம் என்று பார்க்கப் போனால், முன்னால் நிற்பது பின்னால் இருப்பதை மறைக்கிறது. கிட்டே இருப்பது பெரிதாகத் தெரிகிறது, தூரத்தில் இருப்பது சிறுத்துவிடுகிறது. கிளீவ்லாந்து, மெக்கில் என்ற இரண்டு புள்ளியியல்காரர்கள் 1984-லேயே சோதித்துச் சொன்ன விஷயம்: ஒரே அளவுகோலில் வைத்தால் கண் சரியாக ஒப்பிடும், பரப்பு, கன அளவு என்று போகப்போகத் தப்பு கூடும். அப்புறம் அந்தத் தலைசுற்றல்! நடக்கிறோம் என்கிறது கண், உட்கார்ந்திருக்கிறோம் என்கிறது உள்காது.

சரி, விஆரே வீண் என்கிறேனா? இல்லை. 2015-ல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் பத்திரிகை, நாஸ்டாக் என்ற அமெரிக்கப் பங்குச் சந்தையின் 21 வருட ஏற்ற இறக்கத்தை விஆரில் ரோலர் கோஸ்டர் தண்டவாளமாக்கியது. 2000-ல் தொடங்கிய சரிவைக் காகிதத்துக் கோட்டில் பார்ப்பது வேறு, அதில் இறங்குவது வேறு. சரிவை வயிற்றில் உணர்த்த இது நல்ல கருவி. கணக்குப் பார்க்க அல்ல.

எங்கள் ஐயா ரங்கூனில் ஒரு செட்டியார் வட்டிக்கடையில் அடுத்தாளாக, அதாவது ஏஜெண்டுக்கு அடுத்த உதவியாளராக, இருந்தவர். கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் கடன் கொடுத்துவந்த நம் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 6 சதவீதம், 1938-ல் 25. இதை அந்தக் கண்ணாடிக்குள் கட்டடமாக எழுப்பியிருந்தால் எல்லோரும் வாயைப் பிளந்திருப்போம். உண்மையில் நெல் விலை விழுந்து, கொடுத்த கடன் திரும்பாமல், ஈடாக வைத்த நிலம் வேண்டாமலே வந்து சேர்ந்தது. 1942-ல் ஜப்பான்காரன் வந்தபோது அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டா வர முடிந்தது?

கண்ணாடிக்குள் இருந்த எங்கள் நகரத்திலும் ஆக உயரமான கட்டடம் ஒரு கோயம்புத்தூர் ஒப்பந்தக்காரர். பையன் அதைத்தான் முதலில் பெருமையாகக் காட்டினான். பத்து மாதமாக அவரிடமிருந்து ஒரு பைசா வரவில்லை. பாக்கி எத்தனை நாள் பழசு என்பதைச் சுவரில் விரிசலாகக் காட்ட முடியுமா என்று கேட்டேன். குறித்துக்கொண்டான். நான் அன்று சாயங்காலம் பேரேட்டைப் புரட்டிவிட்டு, அவருக்கு ஏற்றிவைத்திருந்த லோடை இறக்கச் சொன்னேன்.