ஸ்டெயின்லெஸ் பிரேக் பைப்பை விற்கிறீர்கள், அதை எதில் ஃப்ளேர் செய்வது என்று ஏன் சொல்ல மறுக்கிறீர்கள்?

உதிரிபாகக் கடையில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பிரேக் பைப் சுருளும், பக்கத்துக் கொக்கியிலேயே, கசியாமல் இணைப்பதற்காகக் குழாயின் முனையைக் கூம்பாக விரிக்கிற (ஃப்ளேர் செய்கிற) ஒரு மலிவான ஃப்ளேரிங் கிட்டும் தொங்குவதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்தக் கிட் அந்தப் பைப்புக்கு ஆகவே ஆகாது. கிட்டைத் தயாரிக்கிறவர்களுக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை. ஆனால் பெட்டியில் ‘எல்லா பிரேக் லைன்களுக்கும் ஏற்றது’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். எந்த உலோகத்துக்கு, எத்தனை டிகிரி விரிப்புக்கு, எவ்வளவு தடிமனுக்கு என்று ஒரு வரி இருக்காது. இது தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற குழாயா? பிரேக்கை ஓங்கி மிதித்தால் ஆயிரம் பி.எஸ்.ஐ.க்கு மேல் அழுத்தம் ஏறுகிற குழாய். பின்சீட்டில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும் வண்டியின் குழாய்.

இங்கே கனடாவின் ஒன்டாரியோவில் குளிர்காலம் முழுக்கச் சாலையில் உப்பைக் கொட்டுகிறார்கள். வண்டியோடு வருகிற பூச்சுப் பூசிய எஃகுக் குழாய், கிளிப்புகளுக்கு அடியில் உப்புச் சேறு தங்கித் தங்கி அரித்து, ஒருநாள் ஓட்டையாகிறது. எல்லைக்கு அந்தப் பக்கமும் இதே கதைதான். 1999 முதல் 2003 வரையிலான ஜெனரல் மோட்டார்ஸ் டிரக்குகள், எஸ்.யூ.வி.க்கள் என்று சுமார் 50 லட்சம் வண்டிகளின் பிரேக் லைன் துருவை அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை ஆண்டுக்கணக்கில் விசாரித்தது. 2015இல் விசாரணையை மூடியபோது ரீகால் (வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சரிசெய்து தருவது) எதுவும் இல்லை. வண்டிகள் பழசாகிவிட்டன, அடிப்பாகத்தைக் கழுவுங்கள், லைனைச் சோதித்துப் பாருங்கள் என்றார்கள். அப்படியானால் வண்டிக்காரர்தான் தன் பாட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இனி துருவே வேண்டாம், ஸ்டெயின்லெஸ்ஸையே போட்டுவிடுவோம் என்று அவர் நினைப்பதில் என்ன தப்பு? அந்த நல்ல எண்ணத்தைத்தான் இவர்கள் காசாக்குகிறார்கள்.

கார்களில் பரவலாக இருப்பது 45 டிகிரி டபுள் ஃப்ளேர். 3/16 இஞ்ச் குழாயின் முனையை முதலில் ஒரு டையை (அச்சை) வைத்து அழுத்தி உள்பக்கமாக மடக்க வேண்டும். அப்புறம் கூம்பை இறக்கி, அந்த மடிப்பு இரண்டு அடுக்காகப் படிகிற மாதிரி விரிக்க வேண்டும். சாதாரண எஃகு இதற்கு இசைந்து கொடுக்கும், செம்பு-நிக்கல் கலவை இன்னும் சுலபமாக. ஸ்டெயின்லெஸ்ஸின் குணமே வேறு. மடக்க மடக்க அது இறுகிக்கொண்டே போகும். முதல் மடிப்பிலேயே இறுகிப்போன முனையின் மேல் இரண்டாம் முறை கூம்பை இறக்கினால் ஓரம் வெடிக்காமல் என்ன செய்யும்? நீளவாக்கில் வெல்டிங் செய்த குழாயாக இருந்தால் அந்தத் தையலிலேயே பிளக்கும். தையல் இல்லாத குழாயா, பதப்படுத்தி மிருதுவாக்கியதா என்பதுதான் இந்த வேலையில் முதல் கேள்வி. சுருளின் அட்டையைத் திருப்பித் திருப்பித் தேடுங்கள், பதில் இருக்காது.

அந்தக் கிட்டின் சட்டமோ இதைவிட மோசம். இரண்டு பாதியாகப் பிரிகிற சட்டத்தில் குழாயை வைத்து நட்டை இறுக்குகிறோம். கூம்பை இறக்கியதும் குழாய் பின்னால் வழுக்குகிறது. வழுக்காமல் இருக்க இன்னும் இறுக்கினால் சட்டத்தின் பற்கள் குழாயில் தழும்பு போடுகின்றன, கூம்பு ஒரு பக்கமாகச் சாய்கிறது. கோணலாக விரிந்த ஃப்ளேர், எதிர்ப் பாகத்தில் அது பதிகிற இடமான ‘இருக்கை’யில் ஒரு பக்கம்தான் உட்காரும், மறுபக்கம் கசியும். இதே கிட்டை வைத்து வீடியோவில் அழகாக ஃப்ளேர் செய்து காட்டுகிறார்களே, அந்தக் குழாயின் நிறத்தைப் பாருங்கள். செம்பு-நிக்கல்! அதைக் காட்டிவிட்டு ‘ஸ்டெயின்லெஸ்ஸுக்கும் இப்படித்தான்’ என்று ஒரு வார்த்தையில் முடித்துக்கொள்கிறார்கள்.

பிளக்கிறது என்று சொன்னால் உடனே ஒருவர் வருவார்: ‘டார்ச் வைத்துச் சிவக்கச் சூடாக்குங்கள், மிருதுவாகிவிடும்.’ இந்த அறிவுரையைக் கேட்டால்தான் எனக்கு மிகவும் கோபம் வருகிறது. ஸ்டெயின்லெஸ் மிருதுவாக ஆயிரம் டிகிரி செல்சியஸுக்கு மேல் சீராகச் சூடாக வேண்டும், பிறகு சட்டென்று குளிர வேண்டும். கை டார்ச்சில் அரைகுறையாகச் சூடாக்கினால் நடப்பது வேறு. 450 முதல் 850 டிகிரி வரையிலான வெப்பத்தில் நின்றால் அதிலுள்ள குரோமியம் கார்பனோடு சேர்ந்துகொள்ளும், துருவைத் தடுக்கிற சக்தி அந்த இடத்தில் குறைந்துவிடும். துருப்பிடிக்கக் கூடாது என்றுதானே அந்தக் குழாயையே வாங்கினோம்?

சரி, ஸ்டெயின்லெஸ்தான் வேண்டும் என்றால் உருப்படியான வழி 37 டிகிரி சிங்கிள் ஃப்ளேர். விமானங்களிலும் பந்தயக் கார்களிலும் காலங்காலமாகச் செய்வதுதான். ஒரே விரிப்பு, அதனால் உலோகம் பிழைக்கிறது. ஃப்ளேரின் முதுகைத் தாங்க ஒரு ஸ்லீவ் (குட்டி வளையம்), அதன் மேல் நட்டு. ஆனால் மாஸ்டர் சிலிண்டரிலும் (பெடலை மிதித்தால் பிரேக் எண்ணெயைத் தள்ளுகிற பாகம்) ரப்பர் ஹோஸிலும் இருக்கிற இருக்கை 45 டிகிரியாக இருந்தால் ஒவ்வொரு முனைக்கும் அடாப்டர் வேண்டும். 37 டிகிரி கருவியை எடுத்துக் கொடுக்கிற கடைக்காரர் அடாப்டரைப் பற்றி வாய் திறப்பதில்லை. எட்டு டிகிரிதானே வித்தியாசம் என்று 37ஐ 45க்குள் வைத்து முறுக்குகிறார்கள். அங்கே தொடுவது ஒரு மெல்லிய கோடு மட்டும்.

நட்டின் மறை (திருகுப் புரி) விஷயம் இதைவிட ஆபத்து. 3/8 இஞ்ச், இஞ்சுக்கு 24 மறை உள்ள நட்டும், மெட்ரிக் எம்10, 1 மில்லிமீட்டர் மறை இடைவெளி உள்ள நட்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். முன்னது 9.5 மி.மீ., பின்னது 10. சிறியது பெரிய துளைக்குள் சுலபமாக ஏறி, இறுகின மாதிரியும் காட்டும். அழுத்தம் வரும்போது மறையை உரித்துக்கொண்டு வெளியே வரும். இந்த இரண்டு நட்டுகளையும் ஒரே டப்பாவில் போட்டு விற்கிறவர்களை என்ன சொல்வது?

கசிந்தால் ‘இன்னும் கால் சுற்று இறுக்குங்கள்’ என்பார்கள். ஸ்டெயின்லெஸ் ஃப்ளேர் கெட்டியானது, இருக்கைக்கு ஏற்றபடி படியாது. வெறியோடு இறுக்கினால் நசுங்குவது மாஸ்டர் சிலிண்டரில் உள்ள பித்தளை இருக்கை. கசிகிற முனையை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகத்தான் செய்ய வேண்டும். இன்னொரு கூட்டம் கம்ப்ரஷன் யூனியனை (ஃப்ளேர் இல்லாமல் வளையத்தை நசுக்கிப் பிடிக்கிற இணைப்பை) போட்டு இணைக்கச் சொல்கிறது. பிரேக் லைனில் அதைப் போடவே கூடாது, பேச்சே வேண்டாம்.

செய்வதானால் ஒழுங்காகச் செய்யுங்கள். உருளை கட்டர் ஸ்டெயின்லெஸ் முனையை இறுக்கி உள்பக்கம் சுருக்கிவிடும். நுண்பல் ஆக்சா பிளேடால் அறுத்து, அரத்தால் சதுரமாக ராவி, உள்ளும் வெளியும் பிசிறு நீக்கி, இரும்புத் தூள் ஒன்றுகூட இல்லாமல் ஊதித் துடையுங்கள். நட்டை முதலில் மாட்டிவிட்டு, கூம்புக்கு எண்ணெய் தொட்டு, நல்ல டையுள்ள ஹைட்ராலிக் கருவியால் ஃப்ளேர் செய்யுங்கள். அதற்குப் பணமில்லை என்றால் ஃப்ளேர் செய்தே விற்கிற லைனை வாங்குங்கள். இல்லாவிட்டால் செம்பு-நிக்கல் போடுங்கள். வோல்வோ 1976இலேயே அதற்கு மாறிவிட்டது, உப்புச் சாலைகள் உள்ள ஸ்வீடனில். அதுவும் துருவுக்கு அசையாது, கையாலேயே வளையும், கிட்டிலும் ஒழுங்காக விரியும். எத்தனையோ பேருக்கு அதுவே போதுமானது. ஆனால் ‘ஸ்டெயின்லெஸ்’ என்ற பெயருக்கு அதிக விலை கிடைக்கிறதே, யார் சொல்லப் போகிறார்கள்?

விற்கிறவர்களிடம் நான் கேட்பது பெரிய விஷயமே இல்லை. தையல் உள்ளதா இல்லாததா, மிருதுவாக்கியதா, எத்தனை டிகிரி, எந்த மறை என்று அட்டையில் அச்சடியுங்கள். கவுண்டரில் நிற்கிற பையனுக்கு அதைச் சொல்லிக் கொடுங்கள். அவனுக்குத் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லட்டும், ‘எல்லாத்துக்கும் ஆகும்’ என்று மட்டும் சொல்ல வேண்டாம்.